ஒக்கியை உசுப்பியது எது?

திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து பூந்துறைக் கடற்கரை சில கிலோமீட்டர் தூரம்தான். 2017 நவம்பர் 29 அன்று அங்கிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் வள்ளங்கள் வழக்கம்போல் கடலுக்குப் போயின. குமரி மாவட்டத்து விசைப்படகுகளோ பல நாள் தங்கலுக்கென்று முன்பே ஆழ்கடலில் இருந்தன. இலங்கையின் தென்கிழக்கே அன்று முற்பகலில் உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. டிசம்பர் 1-ஆம் தேதி லட்சத்தீவுப் பக்கம் போனபோது அது மிகத் தீவிரப் புயல். கேரளம், தமிழ்நாடு இரு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது திரும்பி வரவே இல்லை.

இதற்குப் புவி வெப்பமாதல்தான் காரணமா என்று கேட்டால், விவரமறிந்த விஞ்ஞானி சட்டென்று ஆமாம் சொல்லமாட்டார். மழுப்புகிறார் என்று தோன்றும். ஆனால் சிக்கல் பழைய புயல்களின் கணக்கேட்டில் இருக்கிறது.

2005 ஆகஸ்டில் அமெரிக்க விஞ்ஞானி கெர்ரி இமானுவேல், புயல்கள் வெளியிடும் ஆற்றல் 1970-களிலிருந்து வெகுவாகக் கூடிவிட்டதாக எழுதினார். அதே மாதம் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அடுத்த மாதம் பீட்டர் வெப்ஸ்டர் குழுவினர், மிக வலுவான புயல்களின் எண்ணிக்கை உலக அளவில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது என்றார்கள். புயல் ஆய்வாளர் கிறிஸ் லாண்ட்சீ ஒப்பவில்லை. அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படங்களை வைத்து வலுவைக் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்றார். அவர் காட்டிய உதாரணம் நம் வங்கக் கடலிலிருந்தே வந்தது: 1970-இல் இன்றைய வங்கதேசத்தில் மூன்று லட்சம் பேருக்குமேல் பலிகொண்ட புயலுக்கு, அதிகாரபூர்வமான வலுக் கணக்கே இல்லை! பழைய புயல்களின் எடை தெரியாதபோது புதியவை கனத்துவிட்டன என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்வி இன்று பெருமளவு வலுவிழந்துவிட்டது. வலுவான புயல்களின் விகிதம் கடந்த நாற்பது ஆண்டுகளில் கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2021-இல் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் (ஐபிசிசி) அறிக்கை சொன்னது. மொத்த எண்ணிக்கை கூடியதாகச் சொல்லவில்லை.

அரபிக்கடலின் கதை இன்னும் சுவாரசியம். புயலுக்குத் தீனி போடக் கடல் 26.5 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். சூடு மட்டும் போதாது. மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வெவ்வேறு வேகத்தில், திசையில் வீசினால் புயல் சாய்ந்து குலைந்துவிடும். 1982 முதல் 2019 வரையிலான பதிவுகளைப் பார்த்த புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள், 2001-க்குப் பின் அரபிக்கடல் புயல்கள் 52 சதவீதம் கூடியதாகவும், வங்கக் கடலில் 8 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். இதிலும் தகராறு உண்டு. தெற்காசியாவின் புகை, தூசு மண்டலம் அந்தக் காற்று வேறுபாட்டைக் குறைத்ததே காரணம் என்று 2011-இல் ஒரு குழு வாதிட்டது. வேறொரு குழு மறுத்தது. அரபிக்கடலில் ஐந்து புயல்கள் வந்த 2019-இல், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியைச் சூடாக்கும் இயற்கை ஊசலும் உச்சத்தில் இருந்தது.

எல்லாவற்றையும் வெப்பமாதலின் கணக்கில் எழுதிவிடுவதும் சரியல்ல. திருவனந்தபுரத்தில் 1956-இல் கட்டிய வலியதுறைக் கடல்பாலம் 2021 மே மாதத்தில் தௌதே புயல்நேரத்து அலைகளில் சரிந்தது. மூன்றே ஆண்டில் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் புயல் ஒரு காரணம் என்றால், துருவும் பராமரிப்பின்மையும் கடலரிப்பும் வேறு காரணங்கள்.

மீனவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பைவிட அவசரமானது, தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாவதை எத்தனை மணி நேரம் முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பது. ஒக்கிக்கு அடுத்த ஆண்டு திருவனந்தபுரத்திலேயே புயல் எச்சரிக்கை மையம் வந்தது. தௌதே நெருங்குமுன்பே கேரளக் கரையில் மீன்பிடிக்கத் தடை போட்டு, கடலில் இருந்தவர்களைத் திரும்பச் சொல்லியாயிற்று.