உடவத்தகெலேக்கு வந்த ஜெர்மன் அகதி

கண்டி வாவிக்கு ஒரு புறம் ஹந்தானை மலை, மறுபுறம் உடவத்தகெலே காடு. அந்தக் காட்டு ஆரண்யத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து 1994-இல் மறைந்த ஞானபொனிக தேரர், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்த யூதர். 1901-இல் ஹனாவ் நகரில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் சீக்மண்ட் ஃபெனிகர்.

1933-இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தபோது ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். முதலில் அரசு வேலைகள் பறிபோயின, கடைகள் பகிஷ்கரிக்கப்பட்டன. 1935-இல் நியூரம்பெர்க் சட்டங்கள் அவர்களது பிரஜாவுரிமையில் கைவைத்தன. பிறந்த மண்ணில் உரிமை போனதால்தான் மக்கள் மூட்டை கட்டினார்கள்.

போக்கிடமோ அரிது. அமெரிக்கா 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாசலைக் குறுக்கியிருந்தது. 1938 ஜூலையில் பிரான்சின் எவியானில் 32 நாடுகள் கூடின. பெரும்பாலானவை அனுதாபத்தோடு நின்றுகொண்டன. பலஸ்தீனத்துக்குப் பெருந்தொகையானோர் போனார்கள். அங்கே தங்கள் நிலம் என்னாகுமோ என்று அஞ்சிய அரபு மக்கள் 1936-இல் கிளர்ந்தெழுந்தார்கள். 1939-இல் பிரிட்டன், இனி ஐந்து ஆண்டுகளில் 75,000 பேர் மட்டுமே என்று வரம்பு கட்டியது. ஐரோப்பாவின் கொடுமைக்கு இன்னொரு மக்கள் விலை கொடுக்கும் நிலை அப்போதே உருவாகிவிட்டது.

இளம் வயதிலேயே பௌத்தத்தில் மனம் தோய்ந்திருந்த ஃபெனிகர், 1935-இல் தாயை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார்; 1936-இல் இலங்கை வந்து துறவு பூண்டார். 1938-இல் ஆஸ்திரியாவையும் ஹிட்லர் விழுங்கியதும் தாய்க்கு அங்கும் இருப்பில்லை. மறுவருடம் அவரும் இலங்கை வந்து சேர்ந்தார்.

போர் மூண்டதும், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஞானபொனிகரையே பிரிட்டிஷ் அரசு ‘ஜெர்மானியர்’ என்று தடுத்து வைத்தது. முதலில் தியத்தலாவை, பிறகு இந்தியாவில் டேராடூன். முகாமுக்குள்ளும் அவர் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. 1946-இல் விடுதலை. 1958-இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நண்பர்களோடு தொடங்கினார். அதன் நூல்கள் இந்நகரிலிருந்து உலகெங்கும் போயின. அடைக்கலம் கொடுத்த ஊருக்கு அகதி ஒருவர் செய்த கைம்மாறு இது.

இந்த வரலாறு மலையகத் தமிழருக்கு அந்நியமானதல்ல. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், ஹந்தானை உள்ளிட்ட தோட்டங்களின் லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களைக் கூட நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எண்ணிக்கை பேசியது. யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. யூதர்களைக் காத்திருந்த இனப்படுகொலையோடு இதை நிறுக்க முடியாது, நிறுக்கவும் கூடாது. ஆனால் ஒரு சமூகத்தை நாட்டுக்கு வேண்டாதவர்களாக்கும் வேலை, இரண்டு இடங்களிலும் சட்டப் புத்தகத்தின் வழியாகவே நடந்தது.

ஆகவே கண்டிப் பிள்ளைகள் இரண்டு கதைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்று எந்த நாட்டிலாவது ஒரு கூட்டத்தாரின் பிரஜாவுரிமை கேள்விக்குள்ளானால், முதலில் குரல் கொடுக்கும் கடமை அதை இழந்து தவித்த நமக்கே உண்டு.