உஷார்! சிரிப்பு அடங்கிய பிறகும் கார்ட்மேன் பேசிக்கொண்டிருக்கிறான்

2008 நவம்பரில் கனடாவில் செம்பட்டை முடியும் முகத்தில் புள்ளிகளும் கொண்ட பள்ளிப் பிள்ளைகள் பலர் உதை வாங்கினார்கள். வான்கூவர் தீவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் ‘செம்பட்டை முடிக்காரர்களை உதைக்கும் நாள்’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழுவைத் தொடங்கினான். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். விஷயம் போலீஸ் விசாரணை வரை போனது. அடுத்த ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியாவின் கலபாசஸ் ஊரில் செம்பட்டை முடி கொண்ட 12 வயதுப் பையன் ஒருவனைப் பள்ளி மாணவர்கள் கும்பலாகச் சேர்ந்து அடித்தார்கள். சில சிறுவர்கள் கைதானார்கள்.

இரண்டு சம்பவங்களின் பின்னணியிலும் பேசப்பட்டது ஒரே ஒரு கார்ட்டூன் எபிசோட்தான். அமெரிக்காவின் ‘சவுத் பார்க்’ தொடரில் 2005 நவம்பர் 9 அன்று வந்த ‘ஜிஞ்சர் கிட்ஸ்’. அதில் எரிக் கார்ட்மேன் என்ற குண்டுப் பையன் வகுப்பில் எழுந்து நின்று, செம்பட்டை முடிக்காரர்களுக்கு ஆன்மாவே கிடையாது என்று ‘ஆராய்ச்சி’ வாசிப்பான். நண்பர்கள் அவனுக்குப் பாடம் புகட்ட, தூங்கும்போது அவன் முடிக்குச் சாயம் பூசிவிடுவார்கள். பிறவியை வைத்து ஆளை வெறுப்பது எவ்வளவு மடத்தனம் என்பதுதான் கதை சொல்லவந்த சேதி. ஆனால் பார்த்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சேதியை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இருக்கும் ஒரு முடி நிறம், ஒரு ஜோக்கினால் அடிவாங்குவதற்குக் காரணமாகிவிட்டது.

எப்போதோ நடந்த பழைய கதை என்று இதை விட்டுவிட முடியாது. அந்தத் தொடர் இன்றும் ஓடுகிறது. துண்டு துண்டான கிளிப்பாகக் கைப்பேசி இருக்கும் எந்த வீட்டுக்குள்ளும் வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையோ தம்பியோ, ஏன், நீங்களே அதன் தீவிர ரசிகராக இருக்கலாம். அப்படியானால் இந்த எச்சரிக்கை உங்களுக்குத்தான்.

திறமைதான் ஆபத்தைக் கூட்டுகிறது

ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் என்ற இருவர் உருவாக்கிய ‘சவுத் பார்க்’ 1997 ஆகஸ்ட் 13 அன்று காமெடி சென்ட்ரல் சேனலில் தொடங்கியது. கொலராடோ மாநிலத்து மலையூர் ஒன்றில் ஸ்டான், கைல், கார்ட்மேன், கென்னி என்று நான்கு சிறுவர்கள். ஆனால் தொடர் பெரியவர்களுக்கானது. எம்மி விருதுகள் பல வாங்கியிருக்கிறது. பீபாடி விருதும் வாங்கியிருக்கிறது. மட்டமான சரக்காக இருந்தால் யாரும் அதில் மூழ்கமாட்டார்கள், நாம் கவலைப்படவும் வேண்டியதில்லை.

இதன் பெரும்பாலான எபிசோடுகளை ஆறே நாளில் எழுதி, வரைந்து, குரல் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இந்த வேகத்தைப் பற்றி 2011இல் ஓர் ஆவணப்படமே வந்தது. திங்கட்கிழமைச் செய்தி புதன்கிழமை கிண்டலாகிவிடும். ஆகவே எந்த விவகாரம் வெடித்தாலும், செய்தித்தாளை நிதானமாகப் படிக்கும் முன்பே ரசிகரின் கையில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. ஆறு நாளில் இரண்டு பேர் எடுத்த முடிவு அது. ரசிகரோ அதை ஆயுளுக்கும் வைத்துக்கொள்கிறார்.

சிரிக்கும்போது நாம் வாதாடுவதில்லை

நேரடியாக ஒரு கருத்தைச் சொன்னால் மனது உடனே எதிர்க்கேள்வி கேட்கும். அதையே சிரிப்போடு சொன்னால் கேள்வி எழுவது குறைகிறது. அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் ராபின் நாபியும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. நகைச்சுவையை ‘ஜோக்தானே’ என்று அப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறோம். ஆனால் நாளாக ஆக, அது ஜோக் என்ற நினைவு மங்கி, கருத்து மட்டும் மனதில் தங்கிவிடக்கூடும்.

இன்னொன்று: நையாண்டியில் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் வசதிப்படி புரிந்துகொள்கிறார்கள். 1971இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற அமெரிக்கத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற இனவெறிக் குடும்பத் தலைவரைக் கேலிப்பொருளாக்கிக் காட்டினார்கள். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் என்ன தெரியவந்தது? ஏற்கெனவே வெறுப்பு மனம் கொண்டவர்கள் ஆர்ச்சியை ரசித்தார்கள். அவர் சொல்வதே நியாயம் என்றும் எடுத்துக்கொண்டார்கள்.

கார்ட்மேன் விஷயத்தில் நடப்பதும் இதுதான். அவன் யூதச் சிறுவன் கைலை ஓயாமல் இழிவாகப் பேசுகிறான். எழுதியவர்களின் நோக்கத்தில் அவன் கேவலமான பிறவி. ஆனால் தொடரிலேயே அதிகம் சிரிக்க வைப்பவனும் அவன்தான். வருடக்கணக்கில் அவன் குரலில் பேசிப் பழகும் ரசிகரின் வாயிலிருந்து அந்த யூத வெறுப்பு வசனம் வரும்போது, அருகில் இருக்கும் யூத நண்பருக்கு நோக்கம் காதில் விழாது. வசனம்தான் விழும்.

பாலியல் இழிவு ஜோக்குகள் பற்றி உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் மீது ஏற்கெனவே பகைமை கொண்ட ஆண்கள், அத்தகைய ஜோக்குகளைக் கேட்ட பிறகு பெண்கள் அமைப்புக்கு நன்கொடை தர முன்வந்த தொகை குறைந்தது. ஜோக் புதிதாக வெறுப்பை உண்டாக்கவில்லை. உள்ளே இருந்த வெறுப்புக்கு ‘வெளியே வரலாம்’ என்று அனுமதி கொடுத்தது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு

கருத்து எப்படி ஊறுகிறது என்பதற்கு ‘சவுத் பார்க்’ வரலாற்றிலேயே தெளிவான சாட்சி உண்டு. 2006 ஏப்ரல் 26 அன்று வந்த எபிசோடில், முன்னாள் துணை அதிபர் அல் கோர் சிறுவர்களின் பள்ளிக்கு வந்து ‘மேன்பேர்பிக்’ என்ற பூதம் வருகிறது என்று கத்துவார். மனிதன், கரடி, பன்றி மூன்றும் கலந்த பூதம். யாரும் நம்பமாட்டார்கள். பாவம், நண்பர்கள் இல்லாதவர், கவனம் தேடி அலைகிறார் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். புவி வெப்பமாதல் குறித்த அவருடைய ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ ஆவணப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது அடுத்த மாதம்தான். படம் வருவதற்கு முன்பே அதைச் சொல்லும் மனிதர் கோமாளியாகிவிட்டார்.

2018 நவம்பரில் அதே தொடர் இரண்டு எபிசோடுகளில் பல்டி அடித்தது. பூதம் உண்மையாகவே வந்து ஊராரைக் கொல்கிறது. சிறுவர்கள் அல் கோரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஸ்டானின் தாத்தா தலைமுறை, காருக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஆசைப்பட்டு அந்தப் பூதத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்ததும் தெரியவருகிறது. தவறைத் திரும்பிப் பார்த்ததில் படைப்பாளிகளின் நேர்மை பாராட்டுக்குரியது.

ஆனால் இடையில் போனது பன்னிரண்டு ஆண்டு. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் பதிவான கரியமில வாயுவின் ஆண்டுச் சராசரி அந்த இடைவெளியில் பத்து லட்சத்தில் சுமார் 382 பங்கிலிருந்து சுமார் 408 பங்காக ஏறிவிட்டது. தொடர் தொடங்கியபோது 12 வயதில் அமர்ந்த சிறுவனுக்குப் பூதக் கிண்டல் வந்தபோது 21 வயது. திருத்தம் வந்தபோது 33. முதல் ஓட்டு, முதல் வேலை என்று கருத்துகள் கெட்டிப்படும் காலம் முழுவதும் அவனிடம் இருந்தது அந்தப் பழைய சிரிப்புதான். நடுவில் பார்ப்பதை விட்டவர்களை அந்தத் திருத்தம் எட்டியிருக்குமா?

இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. தொடர் சில நேரம் சரியாகவே சொல்கிறது. 2005இல் சயன்டாலஜி மதத்தின் நம்பிக்கைகளைக் காட்டியபோது, அவர்கள் உண்மையிலேயே இதை நம்புகிறார்கள் என்று திரையில் எழுத்துப் போட்டார்கள். விஷயம் சரியாகவும் இருந்தது. அதைச் சரிபார்த்து வியந்த ரசிகர், அடுத்த ஆண்டு பூதக் கதையை ஏன் சந்தேகிக்கப் போகிறார்? ஒரு எபிசோட் சம்பாதித்த நம்பிக்கை அடுத்த எபிசோடின் தவறுக்குக் காவல் நிற்கிறது.

அக்கறை காட்டுபவன் முட்டாள் என்ற பாடம்

எனக்கு எல்லாவற்றையும் விட அச்சம் தருவது இதுதான். 2004 அதிபர் தேர்தலுக்குச் சில நாள் முன்பு வந்த எபிசோடில், பள்ளிச் சின்னத்துக்கு இரண்டு அருவருப்பான பொருட்கள் போட்டியிடும். தேர்ந்தெடுக்க அங்கே எதுவும் இல்லை என்று ஸ்டான் ஓட்டுப்போட மறுப்பான். கடைசியில் அவன் போட்ட ஓட்டும் பயனற்றுப் போகும். 2006இல் ஹைப்ரிட் கார் வாங்கியவர்களின் தற்பெருமையே நச்சுப்புகையாக ஊரைச் சூழ்வதாக ஒரு கதை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் கூர்மையான கேலி. வரிசையாகப் பல ஆண்டு பார்த்தால் வேறொரு பாடம் உள்ளே இறங்குகிறது: இரண்டு பக்கமும் ஒன்றுதான், கவலைப்படுபவர்கள் எல்லாரும் வேஷதாரிகள், ஒதுங்கி நின்று சிரிப்பவனே புத்திசாலி.

படைப்பாளிகளே அந்த இடத்தில் நிற்கவில்லை. 2025 ஜூலையில் வந்த சீசனில் டிரம்ப்பை நேரடியாகவே கடுமையாகத் தாக்கினார்கள். முதல் எபிசோடின்போது பார்க்கருக்கு 27 வயது, ஸ்டோனுக்கு 26. அவர்கள் வளர்ந்தார்கள், மாறினார்கள். பழைய கிளிப்பை நூறாவது முறை பார்க்கும் ரசிகர்தான் அங்கேயே நிற்கிறார்.

இது ஒரு தொடரோடு முடிவதும் இல்லை. ‘ரிக் அண்ட் மோர்ட்டி’ என்ற இன்னொரு கார்ட்டூன் தொடரில் ரிக் என்ற பாத்திரம் ஆசைப்பட்ட ஒரு சாஸை மெக்டொனால்ட்ஸ் 2017 அக்டோபர் 7 அன்று விற்றபோது, தீர்ந்துபோனது என்று கேட்ட ரசிகர்கள் கடைகளில் கூச்சலிட்டார்கள்; சில இடங்களில் போலீஸ் வர வேண்டியிருந்தது. அதே ஆண்டு அந்தத் தொடரின் பெண் எழுத்தாளர்களை ரசிகர்களில் ஒரு கூட்டம் இணையத்தில் வதைத்தது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் ஹார்மனே வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது.

இந்த அறிகுறிகள் தெரிகின்றனவா?

• யார் என்ன சொன்னாலும் சொந்தமாக ஒரு வாக்கியம் வருவதில்லை. தொடரின் வசனமே பதிலாக வருகிறது.

• ஒரு மதத்தையோ நாட்டையோ தலைவரையோ பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு எபிசோடில் பார்த்தது மட்டும்.

• ஒருவர் மனம் புண்பட்டதாகச் சொன்னால் முதலில் வருவது ‘ஜோக் புரியவில்லையா?’ என்ற கேள்வி.

• போராட்டம், ஓட்டு, தொண்டு என்று எதைக் கேட்டாலும் உதட்டில் ஓர் இளக்காரச் சிரிப்பு.

என்ன செய்வது?

பிள்ளையிடமிருந்து தொடரைப் பிடுங்காதீர்கள். தடை போட்டால் ஒளித்துப் பார்ப்பார்கள். உங்களிடம் பேசுவதும் நின்றுவிடும். இது வயது வந்தோருக்கான தொடர் என்பதை மட்டும் கறாராகச் சொல்லுங்கள். கார்ட்டூன் என்றதும் குழந்தைகளுக்கானது என்று நினைத்துக் கையில் கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு.

பார்க்கும் வயது வந்தவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுல யாரைக் கிண்டல் பண்றாங்க?” பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் பேச்சைத் தொடங்க அதுவே நல்ல நேரம்.

கிளிப்பை நம்பாதீர்கள். கார்ட்மேனின் வகுப்புப் பேச்சு அரை நிமிடத்தில் கிடைக்கும். அவனுக்குக் கிடைத்த பாடம் அந்த அரை நிமிடத்தில் இருக்காது. முழு எபிசோடைப் பாருங்கள், அது வந்த ஆண்டையும் பாருங்கள். பிறகு அதே விஷயத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது படியுங்கள்.

நீங்களே ரசிகர் என்றால், உங்களுடைய உறுதியான கருத்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரின் ஒரு வசனத்தையும் தொடாமல் அதற்கு ஆதரவாக ஐந்து நிமிடம் பேசிப்பாருங்கள். முடிந்தால் அது உங்கள் கருத்து. முடியாவிட்டால் அது இன்னொருவர் ஆறு நாளில் எழுதியது. இன்றே அதை மறுபரிசீலனைக்கு எடுங்கள்.

‘சவுத் பார்க்’ எபிசோடுகளின் தொடக்கத்தில், இதை யாருமே பார்க்கக் கூடாது என்று ஓர் அறிவிப்பு வரும். ரசிகர்கள் அதையும் ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். பார்க்கலாம், சிரிக்கவும் செய்யலாம். ஆனால் எதை நம்புவது, யாரை மதிப்பது, எதற்காகக் கவலைப்படுவது என்ற முடிவுகளை நீங்களே எடுங்கள். உங்கள் பிள்ளைகளும் அப்படி எடுக்கப் பழக்குங்கள். ஒரு வசனம் உதையாக மாறும் வரை காத்திருக்க வேண்டாம்.