ஓரத்தில் நின்றவர்

சென்ற பொங்கலன்று எங்கள் நாக்பூர் வீட்டில் கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் டி.வி.யுடன் இணைத்து, இருபது பேர் வரிசையாக நிற்கும் பழைய கல்யாண குரூப் போட்டோவைப் போட்டேன். "ஓரத்திலே எங்கண்ணா பாதிதானே தெரியறார்?" என்றாள் மனைவி. மைத்துனர் இன்று இல்லை.

இந்தக் கோளாறுக்கு 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர். படக்குழாய் டி.வி.க்களில் ஓரங்கள் சீராக அமையாது. அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிச் சட்டத்துக்குப் பின்னே தள்ளினார்கள். குழாய் போயும் பழக்கம் போகவில்லை. 1920-க்கு 1080 புள்ளிகளைக் கணினி ஒழுங்காக அனுப்பினாலும், சில தட்டை டி.வி.க்கள் ஓரத்தை வெட்டிவிடுகின்றன.

அன்பர்களே, கணினியில் படத்தைச் சுருக்காதீர்கள், எழுத்து மங்கும். டி.வி.யின் பட அளவுப் பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' இருந்தால் தேர்ந்தெடுங்கள். புள்ளிக்குப் புள்ளி பொருந்திவிடும்.

மைத்துனர் முழுதாக வந்து நின்றார். அடுத்த படத்தைப் போட மனைவி விடவில்லை.