குழாய் நீரும் குடிமக்கள் உரிமையும்

முல்லைப் பெரியாற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895-ஆம் ஆண்டு முதல் கிழக்கு நோக்கித் திரும்பி, இன்று லோயர்கேம்ப்பில் மின்சாரமாகவும், அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரையில் இருபோக நெல்லாகவும், பின்னர் வைகை அணையில் தேக்கமாகவும் ரூபம் மாறிச் செல்வதைப் பெருமையோடு பேசுகிற கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்கள், தெருவில் புதைந்த குழாயிலிருந்து தங்கள் அடுப்பங்கரைக்குள் வந்து சேரும் கடைசி முப்பது நாற்பது அடி தூரத்தில் குடிநீர் என்ன கதிக்கு ஆளாகிறது என்பதைப் பற்றி அநேகமாகச் சிந்திப்பதே இல்லை. நீர் வரவில்லையென்றால் நகராட்சியைத் திட்டுகிறோம். நாற்றமடித்தால் கேன் தண்ணீர் வாங்குகிறோம். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தவரே, யாரிடம் எதைக் கேட்பது என்பதையும் அறிய முடியும்.

பிரதானக் குழாயும் அதன் வால்வுகளும் உள்ளாட்சியின் பொறுப்பு; வாசலுக்கு உள்ளே இருப்பவை வீட்டுக்காரரின் பொறுப்பு. இரண்டுக்கும் இடையே, தெருக்குழாயில் பொருத்திய ஃபெரூல் என்னும் இணைப்பு மூட்டிலிருந்து வீட்டு வாசல் வரை வருகிற துண்டுக்குத்தான் வழக்கமாகத் தகராறு; அதன் பழுதை யார் பார்ப்பது என்பதை இணைப்பு கொடுத்தபோது தந்த உத்தரவிலேயே படித்துக்கொள்ள வேண்டும். பரீட்சை எளியது. தண்ணீர் விடுகிற நேரத்தில் தரைமட்டக் குழாயைத் திறந்து பாருங்கள். அங்கே தாராளமாக விழுந்து, சமையலறையில் மட்டும் நூலாக ஒழுகினால் குற்றம் நம் வீட்டினுடையது. அங்கேயும் மெலிந்து, பக்கத்து வீடுகளிலும் அதே நிலை என்றால் தெருவினுடையது. பக்கத்து வீட்டில் பாய்ந்து நம் வாசலில் மட்டும் சுரத்தில்லாமல் வந்தால், ஃபெரூல் அடைத்திருக்கலாம், அல்லது இடைப்பட்ட குழாய் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கலாம்.

இந்த மூன்றாவது நிலையில்தான் பலரும் மோட்டார் வைத்து உறிஞ்சும் காரியத்தைச் செய்கிறார்கள். அதன் அபாயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் நீரோட்டம் இருக்கிற குழாயில் அழுத்தம் வெளிப்புறமாக இருப்பதால், வெடிப்பு இருந்தாலும் நீர் வெளியே கசியுமேயன்றி அழுக்கு உள்ளே புகாது. முறைவைத்து நீர் விடுகிற நம் ஊர்களிலோ, விநியோகம் நின்றதும் குழாய் காலியாகி, அந்த வெற்றிடம் சுற்றியுள்ள ஈரத்தை உள்ளிழுக்கிறது. மோட்டார் பூட்டியவர், நின்ற பிறகு நேர்கிற இந்த அனர்த்தத்தை நீர் வரும்போதே வலிந்து உண்டாக்குகிறார். சாக்கடையை ஒட்டியோ அதன் ஊடாகவோ வீட்டு இணைப்புக் குழாய்கள் செல்லும் சந்துகளில் அப்படி உள்ளே வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கும், டைபாய்டும், மஞ்சள் காமாலையும் ஒரே தெருவில் வரிசையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மோட்டாரைக் கண்டால் நகராட்சியார் பறிமுதல் செய்வதும் இணைப்பைத் துண்டிப்பதும் வழக்கம். அண்டை வீட்டுக் குழந்தையின் வயிற்றை எண்ணினால் அது கடுமையான நடவடிக்கையென்று எனக்குத் தோன்றவில்லை. தெருக்குழாயின் நீர் தானாகவே தரைத்தொட்டியில் விழட்டும். தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்ற மோட்டார் வைத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபமில்லை.

வாசலுக்கு உள்ளே நேரும் கோளாறுகள் பெரும்பாலும் சாமானியமானவை. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. ஆகையால் மூன்றடி உயரத் தொட்டிக்கு நேர்கீழே உள்ள மாடிக் குளியலறையில் ஷவர் தூறலாகத்தான் விழும். அதற்குக் குழாயை மாற்றிப் பயனில்லை. தொட்டியைக் கழுவிய பிறகு ஒரு குழாயில் மட்டும் நீர் வராவிட்டால் அது ஏர் லாக். தாழ்வாக உள்ள குழாயைத் திறந்துவைத்துக் காற்றை வெளியேற்றினால் சரியாகும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, ஷவர் கண்களிலும் கீசரிலும் வெள்ளையாகப் படிந்து அடைப்பதும் சகஜம். கசிவைக் கண்டுபிடிக்க, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டிக்கு வரும் வழியையும் அடைத்து, நீர்மட்டத்தைச் சுவரில் கரித்துண்டால் குறித்துவிட்டு விடியற்காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், முதலில் கழிவறை ஃபிளஷ் தொட்டியில் சிறிது சாயத்தைக் கரைத்து, இழுக்காமலே கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று சோதிக்கலாம். வினாடிக்கு ஒரு சொட்டு என்பது நாளொன்றுக்கு 86,400 சொட்டு.

தேனிப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்து நிற்கிற கேரவன் வண்டிக்குள்ளும் இதே சாஸ்திரம்தான், சிறிய அளவில். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் அதன் பிரஷர் பம்ப் விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிவு, அல்லது நீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை; ஓடிக்கொண்டே இருந்தும் குழாய் திக்கித் திக்கி உமிழ்ந்தால் தொட்டி வற்றியிருக்கிறது, அல்லது உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் காற்று நுழைகிறது. பிரஷர் பம்ப் வைத்த மாடி வீட்டுக்காரர்களும் இதையே பார்த்துக்கொள்ளலாம்.

தரைத்தொட்டிக்குள் இறங்குவதில் மட்டும் அதி ஜாக்கிரதை வேண்டும். வெகுநாள் மூடிக்கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைந்திருக்கும்; ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுகிற துயரம் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் நேர்கிறது. மூடியை நன்றாகத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, கயிறு கட்டியே இறங்க வேண்டும். விழுந்தவரை மீட்கத் தீயணைப்புத் துறையை 101-இல் அழைக்க வேண்டும். மலக்குழியில் மனிதரை இறக்குவதோ 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே.

இனி உரிமைக்கு வருவோம். மாசற்ற நீரைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்குமென்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. கிராமங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, அதன்படி குளோரின் கலந்து வரும் நீரில், குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சந்தேகப்பட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்து, அந்தத் தாளையே புகாருக்கு ஆதாரமாக்கலாம். அதுவரை நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதே உபாயம்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வருவது வீண். நகராட்சி ஆணையருக்கோ, பேரூராட்சிச் செயல் அலுவலருக்கோ எழுத்தில் கொடுத்து ரசீது பெறவேண்டும். அசையாவிட்டால் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அந்த ரசீதின் நகலோடு மனுச் செய்யலாம். முதல்வரின் உதவி எண் 1100-உம் இருக்கிறது. மனு எந்த மேசையில் உறங்குகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். சாக்கடை உடைந்து குடிநீரோடு கலக்கிற அளவுக்கு விபரீதமானால் பெரியகுளம் அல்லது உத்தமபாளையம் கோட்டத்து நிர்வாக நடுவரிடம், பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடுமாறு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ் கோரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 133-ஆவது பிரிவு. அதைக் கொண்டுதான் ரத்லாம் நகரவாசிகள் திறந்த சாக்கடைக்கெதிராக வழக்காடினார்கள். நகராட்சியின் கையில் பணமில்லை என்பது கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது என்று 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்.

மோட்டார் விற்றவரோ குழாய் வேலை செய்தவரோ ஏமாற்றினால் வழி வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தேசிய உதவி எண் 1915. இதற்கெல்லாம் பில் வேண்டும், ஆகையால் ஜி.எஸ்.டி. சேராமல் வேலை முடித்துத் தருவதாகச் சொல்பவரிடமும் செய்த வேலை, போட்ட குழாயின் அளவு, வாங்கிய தொகை, தேதி ஆகியவற்றை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சுவரைப் பூசி மூடுவதற்கு முன்பே குழாய் போன வழியை ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.