மண்ணுக்கு வாசம் தருவது யார்?

வீட்டில் பீட்ரூட் நறுக்கும்போது ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பாருங்கள். குளத்து மீன் வாங்கும் நாளில் அதையும் முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் லேசாக ஒரு மண்வாடை வரும். வெயிலில் காய்ந்து கிடக்கும் தரையில் முதல் தூறல் விழும்போது எழும்புமே, அதே வாசம்தான். காய்க்கும் மீனுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றிலும் ஜியோஸ்மின் என்ற பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பர், ஹூபர்ட் லெஷெவலியே என்ற இருவர் 1965இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மண், வாசனை ஆகியவற்றைக் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் 'மண்வாசனை' என்பதும் அதேதானே!

இந்த வாசத்தைப் பிடிப்பதில் நம் மூக்கு ரொம்பக் கெட்டி. ஒலிம்பிக் போட்டிக்கான நீச்சல் குளங்கள் இருபதை நிரப்பி, எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துப் பத்தே பத்துச் சொட்டு ஜியோஸ்மின் கலந்தாலும் நம்மில் பலர் கண்டுபிடித்துவிடுவோம். குளத்து மீனைப் புளித்தண்ணீரில் அலசுகிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாசம் குறைந்துவிடும்.

மண்ணில் இதைத் தயாரிப்பது யார்? ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா. நூல்நூலாக மண்ணுக்குள் படர்ந்து, எளிதில் மக்காத சருகையும் வேரையும் அரித்து உரமாக்குவது இதன் வேலை. சாப்பாடு தீர்ந்ததும் வித்துகளை உண்டாக்கும். ஆனால் பாக்டீரியாவுக்குக் கால் கிடையாது. வித்து வேறிடம் போய்ச் சேர்வது எப்படி? வாசம் விட்டுத்தான்! மண்ணில் ஸ்பிரிங்டெயில் என்றொரு குட்டி உயிர் உண்டு. வயிற்றடியில் மடிந்திருக்கும் வால் போன்ற உறுப்பைத் தட்டித் துள்ளிக் குதிக்கும். அது ஜியோஸ்மின் வாசத்தைத் தேடிவந்து வித்துகளைத் தின்கிறது. கொஞ்சம் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் எச்சத்தோடு வெளியேறும். இப்படி ஓசியில் பயணம் செய்கின்றன வித்துகள். இதை 2020இல்தான் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். எனக்கு இந்தச் செய்தியைப் படித்த நாள் முழுக்க வேறு எதிலும் மனம் போகவில்லை.

மழைக்கு வருவோம். மண்ணில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. மழைத்துளி விழுந்ததும் அவற்றிலுள்ள காற்று துளிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு குமிழியாக மேலேறி, சோடா பொங்குவதுபோல வெடித்து, வாசத்தைக் காற்றில் தெறிக்கவிடும். அடைமழையைவிடத் தூறலில்தான் இது நன்றாக நடக்கிறது.

இந்தப் பாக்டீரியா குடும்பத்துக்கு நாம் இன்னொரு பெரிய நன்றியும் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் காசநோய்க்கு நல்ல மருந்தே கிடையாது. 1943இல் அதே ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மன் என்ற மண் ஆராய்ச்சியாளரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்திலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டெடுத்தார். எரு போட்ட வயல் மண்ணிலிருந்து அவருக்கு அந்தப் பாக்டீரியா கிடைத்தது. எத்தனையோ பேரின் நுரையீரலை அந்த மருந்து காப்பாற்றியது.

அனுபவமுள்ள விவசாயி மண்ணை அள்ளியதும் முகர்ந்து பார்ப்பார். இதமான வாசம் வந்தால் உள்ளே உயிர்கள் நலமாக இருக்கின்றன. அழுகிய முட்டைபோல நாறினால் தண்ணீர் தேங்கி, காற்று போகாமல் மூச்சுத் திணறுகிறது மண். ஒரு வாசமும் இல்லையென்றால், அங்கே மக்குவதற்குச் சருகோ எருவோ போய்ச் சேராமல் இருக்கலாம்.

நீங்களும் பார்க்கலாம். எல்லோரும் மிதித்து இறுகிய விளையாட்டுத்திடல் மண் ஒரு கைப்பிடி, மரத்தடியில் சருகுக்கு அடியிலுள்ள மண் ஒரு கைப்பிடி எடுத்து, தனித்தனிச் சிரட்டையில் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, எது எந்த மண் என்று மூக்கால் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பிறகு திடல் மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, மக்கிய இலையைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை முகர்ந்து பார்த்து, முதல் வாசம் வந்த தேதியை நோட்டில் எழுதிவையுங்கள்.