ஒதுக்கீடு இருக்கிறது, ஆள் ஏன் வந்து சேரவில்லை?

இந்திய முப்படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் வெளியே வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 35 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் அந்த வயதில் முதல் பதவி உயர்வை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். பட்டாளத்துக்காரருக்கோ அப்போது பிரிவுபசார விழாவே முடிந்துவிட்டிருக்கும். வேலையில் சுணக்கம் காட்டினார் என்பதற்காக யாரும் அவரை அனுப்புவதில்லை. படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. அதனால்தான் ஒரு சிப்பாய் 15 ஆண்டு முடித்தாலே ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். 17 ஆண்டு வாக்கில் பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், வீட்டுக் கடன் பாதி பாக்கி இருக்கும், உழைக்க இன்னும் இருபது ஆண்டு இருக்கும். வேலூர், திருப்பத்தூர் பக்கம் வீட்டுக்கொரு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர்களில் இது அன்றாடக் கதை.

தன் தேவைக்காக ஒருவரின் பணிக்காலத்தைப் பாதியில் வெட்டும் அரசு, மீதிப் பாதிக்கு வழி காட்டக் கடமைப்பட்டது. இதை அரசும் மறுக்கவில்லை. முன்னாள் படைவீரர்களை மத்தியக் குடிமைப் பணிகளில் மறுபடி அமர்த்துவதற்கான விதிகள் 1979-இல் வந்தன. மத்திய அரசுத் துறைகளின் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதமும், பழைய குரூப் டி பணியிடங்களில் 20 சதவீதமும் அவர்களுக்கு உண்டு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் இது முறையே 14.5, 24.5 சதவீதம், உடல் ஊனமுற்ற வீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரிய பங்கு இதில் அடங்கும். தமிழ்நாட்டிலும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்விலும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 5 சதவீதம் இருக்கிறது.

சலுகைகளும் தாராளம்தான். வயதுக் கணக்கைப் பாருங்கள். விண்ணப்பிப்பவரின் இப்போதைய வயதிலிருந்து படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது அந்த வேலைக்கான உச்ச வயதை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். உச்ச வயது 27 என்றால், 17 ஆண்டு பணியாற்றிய ஒருவர் 47 வயது வரை விண்ணப்பிக்கலாம். படிப்பிலும் இப்படித்தான். பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டு படையில் இருந்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தகுதியுள்ளவராகவே கருதலாம். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமாக உள்ள வேலைகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

இவ்வளவும் இருந்து என்ன விளைந்தது? பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் 2021 நடுப்பகுதி நிலவரமாகத் திரட்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. தகவல் தந்த 34 மத்திய அரசுத் துறைகளின் குரூப் சி ஊழியர்களில் முன்னாள் படைவீரர் 1.3 சதவீதம் அளவே. குரூப் டி-யில் மூன்று சதவீதம்கூட இல்லை. பொதுத்துறை நிறுவனங்களின் நிலை இன்னும் மோசம்: குரூப் சி-யில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், குரூப் டி-யில் அரை சதவீதத்துக்கும் கீழ். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒதுக்கீடு நேரடி நியமனத்துக்குத்தான் பொருந்தும். இந்த விகிதமோ மொத்த ஊழியர் எண்ணிக்கையின் மீது போடப்பட்டது. தகவலே தராத துறைகள் நாற்பதுக்கும் மேல். அப்படியே இருந்தாலும், நாற்பது ஆண்டுக்கும் மேலாக நடைமுறையில் உள்ள ஒரு விதி பத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் பலன் தந்திருக்கிறது என்றால் கோளாறு கணக்கில் மட்டும் இருக்க முடியாது.

இதே கணக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. அரசு வங்கிகளில் குரூப் சி-யில் ஒன்பது சதவீதமும், குரூப் டி-யில் இருபது சதவீதத்துக்கு மேலும் முன்னாள் படைவீரர்கள். வங்கிகளுக்கு மட்டும் என்ன தனிப் பற்று? பற்று எதுவும் இல்லை; தேவை இருக்கிறது. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் வேலைக்கு ஆயுதப் பயிற்சி உள்ளவர் வேண்டும், அவர் படையிலிருந்துதான் வர வேண்டும். கீழ்நிலையில் அந்தப் பெரிய எண்ணிக்கைக்கு முக்கியக் காரணம் இதுவே. எழுத்தர் தேர்வு எழுதி உள்ளே வந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள், குறிப்பாக விமானப் படையிலிருந்து. ஆனால் வாசற்காவலரின் எண்ணிக்கைதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது: முன்னாள் வீரர் என்றதும் நம் அலுவலகங்களுக்குத் துப்பாக்கி மட்டுமே கண்ணில் படுகிறது. தமிழக அரசு முன்னாள் படைவீரர்களுக்காக 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நல்ல நிறுவனம்தான், ஆனால் அதன் பெயரைச் சொன்னால் மக்கள் மனதில் வருவது செக்யூரிட்டி சீருடைதான்.

படையின் உள்ளே போய்ப் பார்த்தால் சித்திரம் வேறு. துப்பாக்கி ஏந்தி நிற்பது முதன்மையாகக் காலாட்படையின் வேலை. சிக்னல்ஸ் பிரிவுக்காரர் தகவல் தொடர்புக் கருவிகளை இயக்கிப் பழுது பார்த்தவர். ஸ்டோர்கீப்பர் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு இருப்புப் பதிவேடு வைத்துத் தணிக்கைக்குக் கணக்குக் காட்டியவர். நர்ஸிங் அசிஸ்டென்ட் ராணுவ மருத்துவமனை வார்டில் பதினைந்து ஆண்டு நின்றவர். கிளார்க் பதவியில் இருந்தவரோ, ஒரு பட்டாலியனின் சம்பளம், விடுப்பு, பயணப்படி ஆகிய கோப்புகளையெல்லாம் பார்த்தவர். இவை நம் கருவூலத்துக்கும் மாவட்ட மருந்துக் கிடங்குக்கும் மின்வாரியத்துக்கும் அன்றாடம் வேண்டிய திறமைகள். ஆனால் டிஸ்சார்ஜ் புக்கில் பதிவாகியிருக்கும் டிரேடின், அதாவது தொழிற்பிரிவின், பெயர் தேர்வாணைய அறிவிக்கையின் கல்வித் தகுதிப் பத்தியில் எங்கும் இருக்காது. அங்கே டிப்ளமோ கேட்பார்கள், கவுன்சில் பதிவு கேட்பார்கள். டிரேடுகளுக்குக் குடிமைத் தகுதிகளோடு இணையான பட்டியல்கள் இல்லாமல் இல்லை. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலரின் மேசைக்கு அவை வந்து சேர்வதுதான் அரிது. பதினைந்து ஆண்டு படைச் சேவையைப் பட்டத்துக்கு ஈடாக ஏற்கும் அரசு, அந்தப் பதினைந்து ஆண்டில் அவர் என்ன கற்றார் என்று கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் முழு ஏற்பாட்டின் மையக் குறையாகப் படுகிறது.

கேட்காததால், அரசு எல்லோரையும் ஒரே தேர்வு அறைக்குள் அனுப்புகிறது. 2024 குரூப் 4 தேர்வுக்கு இருபது லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பலர் பயிற்சி மையத்தில் இரண்டு மூன்று ஆண்டு ஊறியவர்கள். அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் குறைந்தபட்சம் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மறுபகுதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழுக்கு அந்த இடம் தந்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போய், பதினேழு ஆண்டு இந்தியிலேயே புழங்கிவிட்டு வருகிற ஒருவருக்குப் பத்தாம் வகுப்பு இலக்கணத்தைப் புதுப்பிக்க நேரமும் உதவியும் வேண்டாமா? பணிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே குடிமைப் பணிகளுக்கு விண்ணப்பிக்க விதி அனுமதிக்கிறது. அந்த ஓராண்டை அவர் எங்கே கழிக்கிறார் என்பதுதான் சங்கதி. லடாக்கிலோ அசாமிலோ பணியில் இருப்பவருக்கு விண்ணப்பிக்கும் உரிமை இருக்கும், படிக்க இடம் இருக்காது.

அடுத்து நடப்பது யாரும் கவனிக்காத ஒன்று. ஒதுக்கீட்டு இடத்துக்குத் தகுதியான முன்னாள் வீரர் கிடைக்காவிட்டால், அதே பிரிவைச் சேர்ந்த மற்ற விண்ணப்பதாரரைக் கொண்டு அதை நிரப்பிவிடலாம். அடுத்த ஆண்டுக்கு அது தொடராது. ஆக, ஆள் கிடைக்கவில்லை என்று எழுதும் துறைக்கு எந்த இழப்பும் இல்லை, போட்டித் தேர்வு வழி நிரப்பும் இடங்களில் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பதிவு செய்து பட்டியல் அனுப்பலாம். ஏன் எடுக்கவில்லை என்று கேட்க அதற்கு அதிகாரம் கிடையாது.

இந்த ஒதுக்கீட்டுக்கு எதிராக எழும் ஆட்சேபங்களில் முதலாவது, வேலையில்லா இளைஞர்களுடையது. ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு இன்னொரு அரசுச் சம்பளம் எதற்கு, அந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் முதல் சம்பாத்தியக்காரரை உட்கார வைக்கலாமே என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஒதுக்கீடு முழுமையாக நிரம்பினால் சில இளைஞர்களுக்கு இடம் குறையத்தான் செய்யும். குறையாது என்று சொல்வது ஏமாற்று. ஆனால் ஓய்வூதியம் முடிந்துபோன உழைப்புக்கான கூலி, புதிய வேலையின் சம்பளம் புதிய உழைப்புக்கானது. அதிகாரி அல்லாத நிலையில் ஓய்வு பெற்றவர் மத்திய அரசுப் பணியில் மறுபடி சேர்ந்தால், ஓய்வூதியத்தைக் கணக்கில் கொள்ளாமல் அந்தப் பதவியின் தொடக்கச் சம்பளத்தைத்தான் நிர்ணயிக்கிறார்கள். பதினேழு ஆண்டு ஆள்களை வழிநடத்திய ஹவில்தார், நேற்றுச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையனோடு ஒரே படியில் நிற்கிறார். இரட்டை வருமானம் என்று பொறாமைப்படுகிறவர்கள் இந்தப் பாதியைப் பார்ப்பதில்லை. மேலும் ஒதுக்கீட்டுச் சலுகை ஒரு முறைக்குத்தான். ஒதுக்கீட்டில் ஒரு குடிமைப் பணியில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்தத் தகுதி போய்விடும். சேருவதற்கு முன்பே விண்ணப்பித்தவற்றைச் சேர்ந்த உடனே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் விலக்கு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. படை என்பது பெரும்பாலும் ஆண்களின் உலகம். அதற்குத் தரும் முன்னுரிமை பெண்களைப் பின்னுக்குத் தள்ளாதா? அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தேர்ச்சி பெற்ற முன்னாள் படைவீரர் எவரும் மற்ற எல்லோருக்கும் முன்னால் வைக்கப்படுவார் என்று சட்டம் இருந்தது. அங்குள்ள முன்னாள் வீரர்களில் 98 சதவீதம் ஆண்கள். ஹெலன் ஃபீனி என்ற அரசு ஊழியர் நல்ல மதிப்பெண் எடுத்தும் தொடர்ந்து பின்தள்ளப்பட்டு வழக்குப் போட்டார். நம் விதிகள் வந்த அதே 1979-இல், பெண்களை ஒதுக்கும் நோக்கம் சட்டத்தில் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது எப்படியோ, நியாயம் ஃபீனியின் பக்கம் இருந்தது என்றே தோன்றுகிறது. நம் முறை அவ்வளவு முரட்டுத்தனமானது இல்லை. இங்கே இருப்பது எல்லை கட்டிய ஒரு விகிதம், அதுவும் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் குறுக்காக ஓடும் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பெண்களுக்கான 30 சதவீதத்தை அது தொடுவதில்லை. விகிதத்தை உயர்த்தக் கோரிக்கை வரும்போதெல்லாம் இந்த வழக்கை நினைவில் வைப்பது நல்லது. இருப்பதை நிரப்பாமல் விகிதத்தைக் கூட்டுவது, மேடையில் அறிவிக்கத்தான் உதவும்.

கட்டளைக்குப் பழகியவர் பொதுமக்களிடம் பொறுமையாகப் பேசுவாரா என்றும் சிலர் கேட்கிறார்கள். நம் அலுவலகங்களில் இப்போது கிடைக்கும் பொறுமையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

அமெரிக்காவில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1944-இன் முன்னுரிமைச் சட்டம் தேர்வில் ஐந்து அல்லது பத்து மதிப்பெண் கூட்டித் தந்தது. 2009-இல் அதிபர் ஒபாமா பிறப்பித்த ஆணை, பெரிய துறைகள் ஒவ்வொன்றும் முன்னாள் வீரர்களைச் சேர்ப்பதற்கென்றே அலுவலகம் வைக்க வேண்டும் என்றது. ராணுவ வேலை ஒவ்வொன்றும் எந்தக் குடிமை வேலைக்கு நேர் என்று காட்டும் பட்டியலும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. கூட்டரசு ஊழியர்களில் இன்று ஏறத்தாழ முப்பது சதவீதம் முன்னாள் படையினர். அவர்களில் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையிலும் முன்னாள் படைவீரர் நலத் துறையிலும்தான் குவிந்திருக்கிறார்கள் என்பதால் அந்த எண்ணை வியந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஆளைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு வேலை தரும் துறையின் தலையில் வைக்கப்பட்டது என்பது நமக்குப் பாடம். நம்மிடம் அந்தப் பொறுப்பு முழுக்கவும் வேலை தேடுகிறவர் தலையில் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது புதிய சலுகை அறிவிப்பதன்று. நிரம்பாத இடம் ஒரு நியமனச் சுற்றாவது தொடர வேண்டும், துறை ஏன் நிரப்பவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். டிரேடுக்கு நேரான பதவிகளில், ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டுமாவது, பொது அறிவுத் தாளுக்குப் பதில் தொழில் தேர்வு வைக்கலாம். கடைசி ஓராண்டில் சில மாதங்களைச் சொந்த மாநிலத்திலேயே, தேர்வுப் பயிற்சிக்காக ஒதுக்கித் தரலாம். படைகளின் பயிற்சி மையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. 1962 போருக்குப் பிறகு அவசரமாகச் சேர்க்கப்பட்ட இளம் அதிகாரிகளைப் பின்னர் விடுவித்தபோது, ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். உள்ளிட்ட பணிகளில் சில ஆண்டுகள் அவர்களுக்குத் தனியிடம் ஒதுக்கிய நாடு இது. வேண்டும் என்று நினைத்தால் வழி பிறந்திருக்கிறது.

அவசரம் இப்போதும் வந்திருக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட நான்காண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் முதல் அணிகள் நான்காண்டு முடிப்பது 2026 இறுதி வாக்கில். நால்வரில் ஒருவர் வரை படையில் நிலைக்கலாம், மற்றவர்கள் இருபதுகளிலேயே வெளியே வருவார்கள். கையில் சுமார் 11.7 லட்சம் ரூபாய் சேவா நிதி இருக்கும், ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது என்று திட்ட விதிமுறையே சொல்கிறது. ஆகவே 1979 விதிகள் அவர்களுக்குப் பொருந்தா. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் குடிமைப் பணியிடங்களிலும் 10 சதவீதம் தருவதாக 2022-லேயே அறிவித்தார்கள். முன்னாள் வீரருக்கு ஏற்கெனவே எழுதி வைத்த 10 சதவீதம் எந்த அளவில் நிரம்பியது என்ற கணக்கு அதற்கு முன்பே அதே அமைச்சகத்தின் மேசையில் இருந்தது.