சர்வருக்கு எப்போது விடுப்பு?

சுரங்கத்துக்குள் ஆள் இறங்க வேண்டுமானால் மேலே ஏறிவரக் குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும். உலோகச் சுரங்கங்களுக்கான 1961ஆம் ஆண்டு விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. கோலார் தங்கவயலின் பாலகாட், உரிகம், சாம்பியன் பக்கத்துப் பழைய தொழிலாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஷாஃப்டைப் பழுதுபார்க்க நிறுத்தினாலும், இன்னொன்றில் கூண்டு ஓடும்.

2001 பிப்ரவரி கடைசியில் அந்தத் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறது. பெங்களூரின் கணினி நிறுவனங்களில் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் தினமும் சந்திக்கும் சிக்கலும் இதேதான்: வேலை நிற்காமல் ஒன்றை மட்டும் நிறுத்துவது எப்படி?

இன்று ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று தனித்தனி இயந்திரம் வாங்குவதில்லை. பெரிய சர்வர் ஒன்றை வாங்கி, அதற்குள் மென்பொருளால் இருபது முப்பது கணினிகளை உருவாக்கி ஓட்டுகிறார்கள். உள்ளே ஓடுபவை மெய்நிகர் கணினிகள். தாங்கும் இயந்திரம் ஹோஸ்ட். செலவு மிச்சம்தான். ஆனால் அந்த ஹோஸ்டுக்கு ஒரு பேட்ச், அதாவது மென்பொருள் திருத்தம், போட்டு ரீபூட் செய்ய வேண்டுமென்றால், முப்பதும் சேர்ந்து படுத்துவிடும்.

இதற்குத்தான் மெயின்டனன்ஸ் மோடு. ஒரு ஹோஸ்டை இந்த நிலைக்கு அனுப்பினால், அது புதிதாக எந்த மெய்நிகர் கணினியையும் ஏற்காது. உள்ளே ஓடுபவை ஒவ்வொன்றாகப் பக்கத்து ஹோஸ்டுகளுக்குக் குடிபெயரும். விஎம்வேர் நிறுவனம் 2003இல் கொண்டுவந்த விமோஷன் நுட்பம் இதை ஓட்டத்திலேயே செய்கிறது. நினைவகத்தில் உள்ளதை முதலில் நகல் எடுக்கும். அதற்குள் மாறியவற்றை மட்டும் மறுபடி அனுப்பும். கடைசியில் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி மறுபக்கம் தொடங்கிவிடும். பயன்படுத்துபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலும் ஹோஸ்டைக் காலிசெய்துவிட்டு நிறுத்தும் வசதி உண்டு.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இந்த வேலை திரையில் 2 விழுக்காட்டிலேயே நின்று, மணிக்கணக்கில் நகராமல் இருப்பதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். காரணம் சின்னதாக இருக்கும்: யாரோ ஆறு மாதத்துக்கு முன் ஒரு மெய்நிகர் கணினியில் சிடி கோப்பு ஒன்றை மாட்டி, கழற்றாமல் போயிருப்பார். அந்தக் கோப்பு இருப்பது அந்த ஹோஸ்டின் சொந்த வட்டில்; பக்கத்து ஹோஸ்டுக்கு எட்டாது. அல்லது இடம் மாற்றும் டிஆர்எஸ் வசதி ‘மேனுவல்’ என்று வைக்கப்பட்டிருக்கும். அது யோசனை சொல்லுமே தவிர, யாராவது ஒப்புக்கொள்ளாமல் நகர்த்தாது. பேட்ச் போடும் நாளுக்கு முன்பே இவற்றைப் பார்த்துச் சரிசெய்துவைப்பதுதான் பாதி வேலை.

வட்டுகளையும் ஹோஸ்டுகளே பகிர்ந்து வைத்திருக்கும் விஎம்வேரின் விசான் அமைப்பில் இன்னொரு கேள்வி வரும்: ஹோஸ்டில் இருக்கும் தரவை என்ன செய்வது? முழுவதையும் வேறிடம் மாற்றலாம், எட்டும் தூரத்தில் இருந்தால் போதும் என்று விடலாம், தொடாமலும் விடலாம். இரண்டாவதுதான் முன்கூட்டியே தேர்வாகி வரும். ஆனால் போன ஹோஸ்ட் 60 நிமிடத்தில் திரும்பாவிட்டால், தரவின் மறுபிரதியை அமைப்பு தானே கட்டத் தொடங்கிவிடும். பேட்ச் நீளும் என்று தெரிந்தால் அந்த நேரத்தைக் கூட்டிவைப்பது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சாதாரணக் கூட்டல் கணக்கு. மூன்று ஹோஸ்டுகள், ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு சுமை. ஒன்றை நிறுத்தினால் மீதி இரண்டும் ஆளுக்கு 90 சுமக்கும், மூச்சுமுட்டினாலும் ஓடும். அதே சுமை 70 ஆக இருந்தால்? மொத்தம் 210, தாங்க இருப்பது 200. எந்த அமைப்பைத் திருத்தினாலும் இந்த 10 எங்கும் போகாது. ‘வாங்கிய சர்வர் சும்மா இருக்கிறதே’ என்று கணக்குப் பிரிவு கேட்கும்போது, சும்மா இருக்கும் அந்த இடம்தான் பேட்ச் போடும் வழி என்று சொல்ல ஆள் வேண்டும்.

சொல்லாமல், பேட்சும் போடாமல் விட்டதற்கு விலை உண்டு. ஹோஸ்டுகளை ஓட்டும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், ‘இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்’ என்ற பிணைப்பண வைரஸ் பரவியபோது, அந்தப் பழைய ஓட்டைதான் வாசலாக இருந்தது என்று பல நாட்டுப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரித்தன. உலகெங்கும் 3,800க்கு மேற்பட்ட சர்வர்கள் அடிபட்டதாக அமெரிக்காவின் எஃப்பிஐயும் சிஐஎஸ்ஏவும் அறிவித்தன. ஒரு ஹோஸ்டில் மெய்நிகர் கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டால், அதிலுள்ள அத்தனையும் முடங்கிப்போகலாம். ஒரே ஒரு ஹோஸ்டை வைத்துக்கொண்டு, நிறுத்த நேரமில்லை என்று பேட்சைத் தள்ளிப்போடும் சிறிய அலுவலகங்களுக்கு ஆபத்து அதிகம். அவர்களுக்கு மெயின்டனன்ஸ் மோடு இருந்தும் பயனில்லை. குடிபெயர இன்னொரு வீடு வேண்டுமே.

உங்கள் அலுவலகத்தில் இப்படிச் சர்வர்கள் இருந்தால், பொறுப்பாளரிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள்: “இதில் ஒன்றை நாளை மதியம் நிறுத்த முடியுமா?” முடியாது என்று பதில் வந்தால், அடுத்த பட்ஜெட்டில் முதலில் வாங்க வேண்டியது இன்னொரு ஹோஸ்ட்.